கீரிமலைக் காற்றும் கல்நார் வழக்குகளும்

ஆடி அமாவாசை நாளில் தந்தையை இழந்த யாழ்ப்பாணத்தவர் பலர் கீரிமலைக்குப் போவர். அலை வந்து மோதும் கரையில், உப்புக் கடலுக்கு அருகிலேயே நன்னீர் சுரக்கும் கேணி அங்கே இருக்கிறது. கீரி முகம் கொண்ட நகுல முனிவர் இந்த நீரில் மூழ்கித் தம் இயல்பான முகத்தைத் திரும்பப் பெற்றார் என்பது ஐதிகம். குதிரை முகம் வாய்க்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இங்கே நீராடித்தான் அந்தத் துன்பம் நீங்கினாள் என்றும், அதனாலேயே அயலூருக்கு மாவிட்டபுரம் என்று பெயர் வந்தது என்றும் சொல்வர். மலை என்று ஒன்றும் இல்லாத ஊருக்குக் கீரிமலை என்று பெயர் நிலைத்ததுபோலவே, நோய் தீர்க்கும் ஊர் என்ற பெயரும் நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கிறது.

அந்தக் கேணியில் நீர் ஊறுவதற்குக் காரணம் சுண்ணக்கல். குடாநாடு முழுவதும் சுண்ணக்கற் பாறையின்மீது கிடக்கிறது. மழைநீர் அதன் வெடிப்புகளிலும் துளைகளிலும் இறங்கி, நிலத்தடியில் ஓடி, கரையோரம் வந்து வெளிப்படுகிறது. அதே சுண்ணக்கல்லை வெட்டி, அரைத்து, களிமண்ணோடு சேர்த்துச் சூளையில் எரித்தால் சீமெந்து கிடைக்கும். ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950இல், காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. வாழைச்சேனைக் காகித ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஏனைய இரண்டு. அரசாங்க உத்தியோகமும் தோட்டமும் கடலும் தவிர வேறு பிழைப்பறியாத வலிகாமம் வடக்கில், மாதச் சம்பளமும் மேலதிக நேரக் கூலியும் சேமலாப நிதியும் தரும் ஆலைத்தொழில் முதன்முதலாக வந்தது. கீரிமலை, மாவிட்டபுரம், தெல்லிப்பழை, மயிலிட்டி என்று சுற்றுவட்டாரமெங்கும் 'சீமெந்து பக்டரி'யை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளைக்கு அங்கே வேலை என்றால் மேற்கொண்டு அதிகம் விசாரிக்க மாட்டார்கள். 1981இல் அதனருகே லங்கா சீமெந்து என்ற இரண்டாவது நிறுவனமும் எழுந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் எல்லாம் நின்றுபோயிற்று. ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. சூளைகள் குளிர்ந்தன. கல் அகழ்ந்த பள்ளங்களில் நீர் நிறைந்தது.

இந்த ஊரின் வரலாற்றோடு கல்நார் என்ற பொருளுக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். அஸ்பெஸ்டோஸ் என்று எல்லோரும் சொல்வதன் தமிழ்ப்பெயர் கல்நார். பத்திரிகை மேசையில் இருந்த நாட்களில் நான் கல்நார் என்று எழுதிக் கொடுத்தால், வாசகருக்கு விளங்காது என்று வெட்டிவிட்டு 'அஸ்பெஸ்டோஸ்' என்று போடுவார்கள். எனக்கு அதில் வருத்தம்தான். கல்லாகவும் நாராகவும் ஒருங்கே இருப்பதுதான் இதன் பயனும் கேடும் என்பதை அந்தத் தமிழ்ச் சொல் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. பூமியில் வெட்டியெடுக்கும் கனிமம் இது. பஞ்சுபோல் பிரியும், நூலாய்த் திரிக்கலாம், நெருப்பில் எரியாது. இதை நெய்தார்கள், குழாய்களுக்குச் சுற்றினார்கள், கொதிகலன்களுக்குப் போர்த்தினார்கள், வாகனங்களின் தடுப்புக் கட்டைகளில் வைத்தார்கள். 1900ஐ ஒட்டி ஒஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாச்செக் என்பவர் இந்த நாரைச் சீமெந்தோடு கலந்து மெல்லிய தகடாக்கும் முறையைக் கண்டுபிடித்து, அதற்கு நித்தியமானது என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து 'எற்றேர்னிட்' என்று பெயரிட்டார். நம் வீடுகளின் மேலிருக்கும் அலையலையான தகடு அதுதான். அதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நார், மற்றதெல்லாம் சீமெந்து.

கிடுகாலும் பனையோலையாலும் வேய்ந்த யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் ஓடும் பின்னர் இந்தத் தகடும் ஏறின. ஓட்டைவிட விலை குறைவு. மரச்சட்டங்கள் குறைவாகப் போதும். ஆண்டுதோறும் வேய வேண்டியதில்லை, தீப்பிடிக்கும் என்ற அச்சமும் இல்லை. தகடு கூரையில் உடையாமல் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. அறுக்கும்போதும், துளையிடும்போதும், உடைக்கும்போதும், பழையதாகி உதிரும்போதும் கண்ணுக்குத் தெரியாத நார்த்துகள் காற்றில் கலக்கிறது. மூச்சோடு நுரையீரலின் அடியாழத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிடுகிறது. நுரையீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய்க்குக் கல்நார் நுரையீரல் நோய் என்று பெயர். நுரையீரற் புற்றுநோய் வரலாம். நெஞ்சறையின் உட்சவ்வில் தோன்றும் மெசோதெலியோமா என்ற புற்றுநோயும் வரலாம். அதற்குக் கல்நார் அல்லாத காரணம் அரிது. இவை பத்து ஆண்டுகளில் வரலாம், நாற்பது ஆண்டுகள் கழித்தும் வரலாம்.

சட்டத்தில் சிக்கல் தொடங்குவது இங்கேதான். கை இயந்திரத்தில் அகப்பட்டால் நாள், நேரம், சாட்சி எல்லாம் உண்டு. இருபது வயதில் சுவாசித்த தூசு அறுபது வயதில் கொல்லுமானால், விபத்து நடந்த நாள் எது? முதலாளி யார்? வேலை செய்ததற்குச் சான்று எங்கே? உலகெங்கும் நடந்த கல்நார் வழக்குகளின் வரலாறு ஏறக்குறைய இந்த மூன்று கேள்விகளோடு தொழிலாளரும் அவர்களுடைய சட்டத்தரணிகளும் மல்லாடிய வரலாறுதான்.

ஒரு நெசவாலைப் பெண்

வட இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் டர்னர் பிரதர்ஸ் என்ற கல்நார் ஆலை இருந்தது. அங்கே கல்நாரை நூலாய்த் திரிக்கும் பகுதியில் வேலைசெய்தவர் நெல்லி கெர்ஷோ என்ற பெண். மூச்சிழுக்க முடியாமல் வேலையை விட்டார். 1924 மார்ச்சில், 33 வயதில், இறந்தார். அவர் நோயுற்றுக் கிடந்தபோது உள்ளூர் மருத்துவர் 'கல்நார் நஞ்சு' என்று எழுதிக்கொடுத்தார். அந்த ஒரு சொல்லால் அவருக்கு இரண்டு கதவுகளும் அடைபட்டன. தொழிலால் வந்த நோய் என்பதால் தேசிய சுகாதாரக் காப்புறுதி பணம் தர மறுத்தது. தொழில்நோய்ப் பட்டியலில் அப்படியொரு நோய் இல்லை என்பதால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் உதவவில்லை. ஆலையும் பொறுப்பேற்கவில்லை, ஒருவருக்குக் கொடுத்தால் முன்மாதிரியாகிவிடும் என்று அஞ்சி, ஈமச்செலவுக்குக்கூட உதவ மறுத்தது.

அவருடைய நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் டபிள்யூ. ஈ. குக் அதே ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். அடுத்துவந்த ஆண்டுகளில் அரசாங்கம் விழித்துக்கொண்டது. தொழிற்சாலை மருத்துவப் பரிசோதகர் மெரிவெதரும் பொறியியல் பரிசோதகர் பிரைசும் 363 கல்நார்த் தொழிலாளரைப் பரிசோதித்து 1930இல் அறிக்கை தந்தனர். நான்கில் ஒருவருக்கு மேல் நுரையீரலில் தழும்பு இருந்தது. 1931இல் தூசுக் கட்டுப்பாட்டு விதிகளும் நட்டஈட்டு ஏற்பாடும் வந்தன. ஆகவே, கல்நார் கொல்லும் என்பது 1930க்குப் பிறகு யாருக்கும் தெரியாத இரகசியம் அல்ல. பின்னர் நீதிமன்றங்களில் 'எங்களுக்கு அப்போது தெரியாது' என்று நிறுவனங்கள் சொன்னபோதெல்லாம், தொழிலாளர் பக்கத்துச் சட்டத்தரணிகள் எடுத்து மேசைமேல் வைத்தது அந்த அறிக்கையைத்தான்.

இலங்கையின் வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கமுடையது. இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் இதுவும் ஒரே பிரித்தானிய வேரில் முளைத்தவை. காயத்துக்கு நட்டஈடு, அட்டவணையில் உள்ள தொழில்நோய்க்கு நட்டஈடு, அதைத் தீர்மானிக்க ஓர் ஆணையாளர் என்பது அமைப்பு. தவறு யாருடையது என்று நிரூபிக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய நன்மை. தொகைக்கு வரம்பு உண்டு என்பது குறை. 2022இல் வந்த திருத்தம் அந்த வரம்பை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது. புற்றுநோயோடு போராடும் குடும்பத்துக்கு அது எத்தனை மாதத்துக்குக் காணும் என்பதை மகரகமைக்கோ தெல்லிப்பழைக்கோ நோயாளியோடு போய்வந்தவர்கள் அறிவர்.

காலம் என்ற எதிரி

நட்டஈட்டுச் சட்டத்துக்கு வெளியே, கவனக்குறைவுக்காக முதலாளிமீது வழக்குத் தொடர வேண்டுமானால் இலங்கையில் 1871ஆம் ஆண்டின் காலவரையறைக் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. உடலுக்கோ உடைமைக்கோ நேர்ந்த கேட்டுக்கான வழக்கை, வழக்கெழுகாரணம் தோன்றி இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும். மாட்டுவண்டியும் குதிரைவண்டியும் மோதிக்கொண்ட காலத்து விதி அது.

இங்கிலாந்திலும் இதே வினா எழுந்தது. சண்டர்லண்ட் உருக்குவார்ப்பு ஆலையொன்றில் தூசால் நுரையீரல் கெட்டுப்போன தொழிலாளர், நோய் தெரியவந்த பின்னரே வழக்குத் தொடுத்தனர். 1963இல் பிரபுக்கள் சபை, நோய் உடலுக்குள் தோன்றிய நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிட்டது, நோயாளிக்கு அது தெரியாமல் இருந்தாலும் வழக்கு காலங்கடந்ததே என்று தீர்ப்பளித்தது. கார்ட்லெட்ஜ் வழக்கு என்று சட்ட மாணவர் படிப்பது இதைத்தான். தனக்குத் தெரியாத நோய்க்காக ஒருவர் வழக்குத் தொடுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் விதி எவ்வளவு அபத்தம் என்பதை அந்த நீதிபதிகளே உணர்ந்திருந்தனர். ஆனால் சட்டத்தின் சொற்கள் கையைக் கட்டிப்போட்டன. நாடாளுமன்றம் அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தியது. அறிந்த நாளிலிருந்து காலத்தை எண்ணும் முறை அதன்பின் அங்கே வேரூன்றியது. அந்தத் திருத்தம் இல்லாதிருந்தால் பின்னாளில் பிரித்தானியாவில் நடந்த கல்நார் வழக்குகள் பலவும் வாசற்படியிலேயே நின்றிருக்கும்.

இத்தாலியில் வேறொரு முடிவு. காசாலே மொன்பெராத்தோ என்ற ஊரில் எற்றேர்னிட் நிறுவனத்தின் தகடு ஆலை இருந்தது. ஆலையில் காலடி வைத்திராதவர்களும் அங்கே மெசோதெலியோமாவால் இறந்தனர். சுவிஸ் தொழிலதிபர் ஸ்டெஃபான் ஷ்மிட்ஹைனிக்கு 2012இல் துரின் நீதிமன்றம் 16 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. 2013இல் மேன்முறையீட்டில் அது 18 ஆண்டாகியது. 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் காலங்கடந்த குற்றம் என்று சொல்லி அதை ரத்துச் செய்தது. ஆலை 1986இல் மூடப்பட்டதால், குற்றம் அத்தோடு முடிந்துவிட்டதாம். இறப்புகளோ முடியவில்லை. அன்று நீதிமன்றத்துக்கு வெளியே குவிந்திருந்த குடும்பத்தினரின் படங்களை உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன.

இலங்கைக்குத் திரும்புவோம். 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால், 1983 மே முதல் 2009 மே வரை நீதிமன்றத்துக்குப் போக முடியாதிருந்தவர்கள் தங்கள் காணி முதலான அசையாச் சொத்தை மீட்கத் தொடுக்கும் வழக்குகளில், அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது அது. அதைப் பயன்படுத்தவும் குறுகிய கால அவகாசமே தரப்பட்டது. போர் ஒரு மனிதனின் கடிகாரத்தை நிறுத்திவைத்தது என்பதை நாட்டின் சட்டமன்றம் ஒப்புக்கொண்ட சட்டம் என்ற வகையில் அது முக்கியமானது. ஆனால் காணிக்குக் கிடைத்த அந்தச் சலுகை நுரையீரலுக்குக் கிடைக்கவில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து ஓடிய தொழிலாளி ஒருவர் 1995இல் உடுவிலிலோ, 2000இல் வன்னியிலோ, ஏதோ ஓர் அகதிமுகாமில் இருமத் தொடங்கியிருந்தால், அவர் தேடியிருக்க வேண்டிய ஆணையாளர் கொழும்பில் இருந்தார். இடையில் ஓமந்தையும் முகமாலையும் இருந்தன.

காகிதம் என்ற சாட்சி

காலத்துக்கு அடுத்தபடி காகிதம். கல்நார் வழக்குகளில் தொழிலாளர் வென்ற இடங்களைப் பார்த்தால், அநேகமாக ஒவ்வோர் இடத்திலும் எங்கோ ஒரு கட்டுக் கடிதம் வெளிவந்திருக்கும். அமெரிக்காவில் 1973இல் கிளாரன்ஸ் போரெல் என்ற காப்பிடும் தொழிலாளியின் வழக்கில், எச்சரிக்காமல் விற்ற உற்பத்தியாளரும் பொறுப்பாளியே என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னபோது வாசல் திறந்தது. தீர்ப்பு வரும்போது போரெல் உயிரோடில்லை. 1977இல், கல்நார் நிறுவனத் தலைவர்கள் 1930களில் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் வெளியாயின. நோய்பற்றிய செய்தி வெளியே பரவாதிருப்பது நல்லது என்ற போக்கு அவற்றில் அப்பட்டமாகத் தெரிந்தது. 1982இல் அந்நாட்டின் மிகப் பெரிய கல்நார் நிறுவனமான ஜோன்ஸ் மான்வில் வழக்குகளைத் தாங்க முடியாமல் முறிவுப் பாதுகாப்புக் கோரியது. நோயாளிகளுக்கென நிதியம் அமைத்த பின்னரே அது மீண்டும் எழ முடிந்தது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஆர்ம்லி என்ற பகுதி. அங்கே ஜே. டபிள்யூ. ராபர்ட்ஸ் என்ற ஆலை, தெருவெல்லாம் வெண்தூசு படிய 1950களின் இறுதிவரை இயங்கியது. சிறுவர் அந்தத் தூசைப் பனிபோல் உருட்டி விளையாடினர். அவர்களில் ஒருவரான ஜூன் ஹான்காக்குக்கு 1994இல் மெசோதெலியோமா கண்டறியப்பட்டது. அதே நோயில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய தாயார் இறந்திருந்தார். ஜூன் ஆலையில் வேலைசெய்தவரல்லர். அயலில் வளர்ந்தவர் மட்டுமே. அதே காலத்தில் அமெரிக்காவின் சேஸ் மன்ஹாட்டன் வங்கி, தன் கட்டடத்தில் பூசிய கல்நாருக்காக அந்த ஆலையின் தாய் நிறுவனமான டர்னர் அன் நியூவல்மீது நியூயோர்க்கில் வழக்குத் தொடுத்திருந்தது. அந்த வழக்கில் வங்கி தோற்றது. ஆனால் அதற்காகத் தோண்டியெடுக்கப்பட்ட நிறுவனக் காகிதக் குவியல் ஆர்ம்லிக்காரருக்குப் பயன்பட்டது. பணத்துக்காகப் போராடிய வங்கியின் தோல்வியில் ஒரு தெருவுக்கு நீதி கிடைத்தது விந்தைதான். 1995இல் நீதிமன்றம், தூசு மதிலைத் தாண்டி வரும் என்று தெரிந்திருந்தால் மதிலுக்கு வெளியே இருப்பவருக்கும் ஆலை பொறுப்பாளியே என்றது. ஜூனுக்கு 65,000 பவுண் கிடைத்தது. 1997இல் அவர் இறந்தார்.

நம்மவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய தீர்ப்பு தென்னாபிரிக்காவினுடையது. கேப் என்ற பிரித்தானிய நிறுவனம் வட கேப் பகுதியில் நீலக் கல்நாரும், பெங்கே என்ற இடத்தில் பழுப்புக் கல்நாரும் வெட்டியெடுத்தது. நிறுவனம் அங்கிருந்து வெளியேறிய பின் நோயாளிகளும் அவர்கள் குடும்பங்களும் இலண்டனில் வழக்குத் தொடுத்தனர். உங்கள் நாட்டு நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றது கேப். வாதிகள் அப்போது மூவாயிரத்துக்கு மேல். 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை, பிங்காம் பிரபுவின் தலைமையில் தீர்ப்பளித்தது. வழக்குக்கு இயல்பான இடம் தென்னாபிரிக்காதான் என்று அது கருதியது. ஆனால் அங்கே இத்தகைய வழக்குகளுக்குச் சட்ட உதவி நிறுத்தப்பட்டுவிட்டது. இவ்வளவு சிக்கலான வழக்கை நடத்தப் பணமும் நிபுணரும் அந்த ஏழைகளுக்குக் கிடைக்க மாட்டார்கள். ஆகவே அங்கே அனுப்புவது நீதியை மறுப்பதாகும் என்றது. சட்ட உதவி கிடைக்காமையே ஒரு நாட்டு வழக்கை இன்னொரு நாட்டு நீதிமன்றம் ஏற்கக் காரணமாயிற்று. 2001இல் 210 இலட்சம் பவுணுக்கு இணக்கம் ஏற்பட்டது. நிறுவனம் அதைக் கொடுக்கத் தவறியது. 2003இல் 75 இலட்சம் பவுணோடு, ஏறக்குறைய 7,500 பேருக்காக, வழக்கு முடிந்தது. ஜென்கோர் என்ற தென்னாபிரிக்க நிறுவனமும் தனியே பணம் தந்தது. அதற்குள் வாதிகளில் நூற்றுக்கணக்கானோர் இறந்துபோயிருந்தனர்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் இந்திய உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரி 27இல் ஒரு தீர்ப்புத் தந்தது. அகமதாபாத்தைச் சேர்ந்த நுகர்வோர் கல்வி ஆய்வு மையம் 1986இல் தொடுத்த பொதுநல வழக்கு அது. தொழிலாளியின் உடல்நலம் அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்றார் நீதிபதி கே. இராமசாமி. நோயுற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் இலட்சம் ரூபாய் என்றார். இவற்றைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறோர் உத்தரவு. தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வு பெற்றபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஆலைகள் பாதுகாக்க வேண்டும் என்பது அது. நோயின் இயல்பை அறிந்து எழுதப்பட்ட உத்தரவு. நடைமுறையில் அது எவ்வளவு பேணப்படுகிறது என்பது வேறு விடயம். கல்நாரையே தடைசெய்யக் கோரிய மனுவை 2011இல் அதே நீதிமன்றம் தள்ளிவிட்டு, 1995 உத்தரவுகளைப் பின்பற்றினால் போதும் என்றது. இந்தியா இன்றும் கல்நாரை இறக்குமதி செய்கிறது.

நாற்பது ஆண்டுப் பதிவேடு என்று படிக்கும்போதெல்லாம் என் நினைவு காங்கேசன்துறைக்குப் போய்விடுகிறது. 1990இல் அங்கிருந்து ஓடியவர்கள் பிள்ளையையும் சாமிப் படத்தையும் காணி உறுதியையும் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். வேலைநியமனக் கடிதத்தை எடுத்தவர் எத்தனை பேர்? மார்புக் கதிர்ப்படத்தை எடுத்தவர் எத்தனை பேர்? சீமெந்துத் தூசும் கல்நார்த் தூசும் ஒன்றல்ல. இரண்டையும் குழப்பக் கூடாது. ஆயினும் அக்காலத்துச் சூளை ஆலைகளில் வெப்பக் குழாய்களுக்கும் இணைப்புகளுக்கும் கல்நார்ப் போர்வை இடுவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. பராமரிப்புப் பகுதியில் அவற்றைப் பிரித்து மாட்டியவர்களின் பட்டியல் எந்த நாட்டிலும் மருத்துவர் முதலில் கேட்கும் பட்டியல்.

ஓர் ஆறுதல் உண்டு. ஊழியர் சேமலாப நிதி 1958இல் வந்தது. அதன் கணக்குகள் கொழும்பில் மத்திய வங்கியின் பொறுப்பில் இருப்பவை; யாழ்ப்பாணத்து அலமாரிகளோடு எரிந்துபோகவில்லை. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை எந்த முதலாளியிடம் ஒருவர் வேலை செய்தார் என்பதற்கு அந்த அங்கத்துவ இலக்கமே சான்று. பழைய தொழிலாளர் யாரேனும் இதைப் படித்தால், அல்லது அவர்கள் பிள்ளைகள் தொரொன்டோவிலோ இலண்டனிலோ இருந்து படித்தால், அந்த இலக்கத்தைத் தேடி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் போகும்போது, புகைப்பவரா என்று அவர் கேட்பதோடு விட்டுவிடாமல், செய்த வேலைகளையும் ஆண்டு வாரியாகச் சொல்லிக் குறிக்கச் சொல்லுங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு ஏழைகளுக்கு இலவசமாக வழக்காடும். அதன் அலுவலகம் யாழ்ப்பாணத்திலும் உண்டு. காணி, தாபரிப்பு வழக்குகளுக்கே அங்கே போவது நம்மவர் வழக்கம். நெஞ்சுநோய்க்காகவும் போகலாம் என்று யாரும் சொன்னதில்லை. என் பத்திரிகைக் காலம் முழுவதிலும் வடக்கில் ஒரு தொழிலாளி தூசுநோய்க்காக நட்டஈடு கேட்டார் என்ற செய்தி ஒன்றைக்கூட நான் எழுதியதில்லை.

புலம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு சொல். பிரித்தானியாவில் பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் வேலையில் தூசு தின்ற தமிழர் உண்டு. 2008இல் அங்கே வந்த திட்டமொன்று, பிரித்தானிய மண்ணில் கல்நார்த் தூசுபட்டு மெசோதெலியோமா கண்டவருக்கு, அவர் ஊழியராய் இருந்தாரா என்று பாராமல் பணம் தருகிறது. முதலாளியின் காப்புறுதியைக் கண்டுபிடிக்க முடியாதவர்களுக்காக 2014இல் இன்னொரு சட்டம் வந்தது. ஊரில் பட்ட தூசுக்கு இவை செல்லுபடியாகா.

தேயிலையும் கல்நாரும்

இலங்கை நீலக் கல்நாரை 1987இலேயே தடைசெய்துவிட்டது. வெண் கல்நார் தொடர்ந்து வந்தது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் எல்லா வகைக் கல்நாரையும் புற்றுநோய் தருவதாகவே வகைப்படுத்துகிறது. எனினும் 'வெள்ளை பாதுகாப்பானது' என்ற பேச்சு வியாபாரிகளிடம் ஓயவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005க்குள் முற்றாக நிறுத்தியது. பெருமளவில் தோண்டி விற்ற கனடா 2018இல் தடைசெய்தது. கியூபெக்கில் அஸ்பெஸ்டோஸ் என்றே பெயர்கொண்டிருந்த ஊர் 2020இல் வெட்கப்பட்டுப் பெயரை மாற்றிக்கொண்டது. மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாக இருந்தபோது இலங்கையும் 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்தத் தீர்மானித்தது. நமக்குக் கல்நார் தருவதில் முதன்மையான நாடு ரஷ்யா.

2017 டிசம்பரில் ரஷ்யா, இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் தானியவண்டு ஒன்று கண்டதாகக் கூறி, இலங்கையின் விவசாயப் பொருள்கள் அனைத்துக்கும் தற்காலிகத் தடை விதித்தது. கொழும்பில் கலக்கம். கல்நார்த் தடையை அமைச்சரவை ஒத்திவைத்தது. சில நாட்களில் ரஷ்யா தேயிலைத் தடையை நீக்கியது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சொன்னவர்களும் உண்டு. அந்த வண்டு மிகவும் சமயமறிந்து வந்த வண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் மலையகத்துத் தமிழ்ப் பெண்கள். அவர்களுடைய கூலி அறுபடக் கூடாது என்பது நியாயமான கவலைதான். ஆனால் ஓர் ஏழையின் கொழுந்துக்கு ஈடாக இன்னோர் ஏழையின் நுரையீரல் வைக்கப்பட்டது. பேரம் பேசிய மேசையில் இருவருமே இருக்கவில்லை.

மீள்குடியேற்றம் நடந்த ஆண்டுகளில் கீரிமலைப் பக்கம் போனபோது பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இருபத்தைந்து ஆண்டு கழித்து வளவுக்குள் நுழைந்தவர்கள் பற்றைகளை வெட்டி, வீடு இருந்த இடத்தை நிலப்பூவும் படியும் கொண்டு அடையாளம் கண்டுகொண்டிருந்தார்கள். சுவர் விழுந்த இடங்களில் உடைந்த கூரைத் தகடுகள் பாசி படிந்து கிடந்தன. முழுத்தகடுகளைத் தற்காலிகக் கொட்டிலுக்கென்று ஒதுக்கினர். உடைந்தவற்றைச் சம்மட்டியால் நொறுக்கிக் கிணற்றடிப் பள்ளத்தில் போட்டு நிரவினர். ஓர் இளைஞர் வாய்க்குத் துணிகூடக் கட்டாமல் வாளால் ஒரு தகட்டை அறுத்துக்கொண்டிருந்தார். நனைத்துவிட்டு அறுங்கள் தம்பி என்றேன். கிணறு இன்னும் இறைக்கவில்லை ஐயா, தண்ணிக்கு எங்கே போறது என்றார்.

அவருக்கு நாளை ஏதேனும் நேர்ந்தால் யார்மீது வழக்குத் தொடுப்பார்? அவர் எவருடைய ஊழியரும் அல்லர். தம் கூரையைத் தாமே அறுத்தவர். நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை. கீரிமலையிலிருந்து சில மைல் தெற்கே சுன்னாகத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அங்கே மின்னிலைய வளாகத்து எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்ததுபற்றி, வடக்கைச் சேராத ஒரு சூழலியலாளர் அடிப்படை உரிமை மனுவாக உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். 2019 ஏப்ரலில் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின்படி மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா கொடுக்க வேண்டும் என்றது. குடாநாட்டு நிலத்தடி நீர் எல்லோருக்கும் பொது. ஒரு கிணற்றில் ஊற்றியது அடுத்த கிணற்றுக்குப் போகும். அந்த வாதத்தைக் காற்றுக்கும் சொல்லலாம் என்பதுதான் ஆர்ம்லித் தெருவின் பாடம். ஆனால் சுன்னாகத்தில் சுட்டிக்காட்ட ஒரு நிறுவனம் இருந்தது. கீரிமலையில் உடைந்து கிடப்பது போர் உடைத்த கூரை.

கேட்க வேண்டியது நீதிமன்றத்தை மட்டுமல்ல, பிரதேச சபையையும்தான். பழைய தகடுகளை ஈரப்படுத்திப் பொதியாகக் கட்டி ஏற்றிக்கொண்டுபோய் ஓரிடத்தில் ஆழப் புதைப்பதற்கு ஒரு வண்டியும் ஒரு பள்ளமும் போதும். பள்ளங்களுக்கு வலிகாமம் வடக்கில் குறைவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் கல் அகழ்ந்த அந்தப் பள்ளங்களின் அடியில்தான் கேணிக்குப் போகும் நீரும் ஓடுகிறது. அங்கே எதைப் போடுவதானாலும் நிலத்தடி நீர் அறிந்தவர்களைக் கேட்டுவிட்டே போட வேண்டும்.